கலைந்ததும் கலைத்ததும்

தமிழில் மருத்துவக் கலைச்சொல் என்று பேச்செடுத்தால் நம் அறிஞர்களுக்கு ஒரு சண்டை நினைவுக்கு வரும். வடசொல்லை வைத்துக்கொள்வதா, தனித்தமிழில் ஆக்குவதா, ஆங்கிலத்தை அப்படியே ஒலிபெயர்ப்பதா? நூற்றைம்பது ஆண்டுகளாக இந்த மூன்று கட்சிகளும் மேடையை விட்டு இறங்கவில்லை. ஆனால் மூன்றுக்கும் பொதுவான ஒரு பழக்கம் உண்டு. அந்தச் சொல்லை எழுதப்போகிறவரைப் பற்றி மட்டுமே அவை கவலைப்பட்டன. யாருடைய உடம்பைப் பற்றி எழுதப்படுகிறதோ அவள் அதை வாசிப்பாளா என்று எந்தக் கட்சியும் கேட்டதாக நான் வாசித்தவற்றில் இல்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து தொடங்கலாம். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் அங்கே வந்தார். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்தில் படித்த மாணவர்கள் அரசாங்கச் சம்பளத்துக்குப் போய்விடுகிறார்கள், கிராமத்தில் தங்குவதில்லை என்று கண்டு 1860களில் வகுப்பையே தமிழுக்கு மாற்றினார். அதற்காக நூல்களைத் தமிழாக்கினார், தம் மாணவர்களைக் கொண்டு ஆக்குவித்தார். 1867இல் ‘இரண வைத்தியம்’, 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’, 1875இல் ‘கெமிஸ்தம்’. அங்காதிபாதம் என்றால் உடற்கூறு. சுகரணம் என்றால் உடலியங்கியல். முதலில் தமிழில் தேடு, கிடைக்காவிட்டால் சமஸ்கிருதத்தில் எடு, அதுவும் இல்லையென்றால் ஆங்கிலத்தைத் தமிழெழுத்தில் எழுது என்பது அவருடைய முறை. கெமிஸ்தம் அந்த மூன்றாவது வழியில் வந்தது. இன்றைய மூன்று கட்சிகளும் அன்றே ஒரே மனிதரின் மேசையில் சமாதானமாக உட்கார்ந்திருந்தன என்பது எனக்கு வேடிக்கையாக இருக்கும்.

அவருடைய பட்டியலில் என்னை நிறுத்துகிற நூல் 1857இல் வந்த ‘பிரசவ வைத்தியம்’. மூலம் மவுன்செல் என்ற அயர்லாந்து மருத்துவருடையது. தமிழில் அச்சான நவீன மருத்துவ நூல்களில் மிக முந்தியவற்றுள் ஒன்று பிரசவத்தைப் பற்றியது என்பது தற்செயல் இல்லை. அன்று யாழ்ப்பாணத்துப் பெண்கள் பிரசவத்தில் செத்துக்கொண்டிருந்தார்கள். கிறீனின் நோக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த நூலைச் சுற்றி நிற்கிறவர்களைப் பாருங்கள். எழுதியவர் ஆண், தமிழாக்கியவர் ஆண், வகுப்பில் உட்கார்ந்து படித்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். அதே யாழ்ப்பாணத்தில், அதே நாட்களில், பிள்ளைகளைக் கையில் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் மருத்துவச்சிகள்.

மருத்துவச்சி என்ற சொல்லையே கொஞ்சம் பார்க்க வேண்டும். மருத்துவன் என்பதன் பெண்பால் அது. இலக்கணப்படி ‘லேடி டாக்டர்’ என்பதற்கு அதுதான் தமிழ். ஆனால் நாம் யாரும் ஒரு பெண் மருத்துவரை மருத்துவச்சி என்று அழைக்கமாட்டோம், அழைத்தால் அவர் கோபிப்பார். தமிழ்நாட்டில் இந்தத் தொழில் முடிதிருத்தும் சாதிப் பெண்களின் கையில் இருந்தது. அந்தச் சாதிக்கு மருத்துவர் என்றே இன்னொரு பெயரும் உண்டு. பெண் என்பதும் சாதி என்பதும் சேர்ந்து ஒரு சொல்லின் மேல் உட்கார்ந்தால் அது எழுந்திருப்பதில்லை. ‘நாட்டு மருத்துவச்சி’ என்று ஓர் அடைமொழியையும் சேர்த்து அறியாமைக்கு எடுத்துக்காட்டாக்கிவிட்டோம். அவளுடைய சொற்களை மட்டும் கலைச்சொல் தொகுப்புகள் பெயர் சொல்லாமல் எடுத்துக்கொண்டன. பனிக்குடம் யார் கொடுத்த சொல்? நஞ்சுக்கொடி? உண்மையான பிள்ளைவலியிலிருந்து பிரித்துக் காட்டுகிற ‘சூட்டு வலி’?

கிறீன் 1873இல் நாடு திரும்பினார். 1875இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி மேரி ஷார்லிப் உள்ளிட்ட பெண்களைச் சேர்த்துக்கொண்டது. 1912இல் அங்கிருந்து முத்துலட்சுமி ரெட்டி மருத்துவராக வெளிவந்தார். அங்கே பாடம் ஆங்கிலத்தில். தமிழில் மருத்துவம் கற்பிக்கப்பட்ட இடத்தில் பெண் இல்லை. பெண் போய்ச் சேர்ந்த இடத்தில் தமிழ் இல்லை. நடுவில் இரண்டே ஆண்டுகள்தான், ஆனால் அந்த இடைவெளி இன்னும் மூடவில்லை. இப்போது தமிழ்நாடு பாடநூல் கழகம் மருத்துவப் பாடநூல்களைத் தமிழாக்குகிறது. நல்ல காரியம். அதுவும் மாணவருக்குத்தான்.

திருவொற்றியூரில் ஒரு சுயஉதவிக் குழுப் பெண்களோடு சனிக்கிழமை மாலைகளில் இந்தச் சொற்களைப் படித்துவருகிறேன். நான் தமிழ் முனைவர், மருத்துவம் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பிரதியை வரி வரியாக வாசிப்பது. அவர்கள் ஜவுளிக்கடைக் கட்டைப்பைகளில் கொண்டுவந்த டிஸ்சார்ஜ் சீட்டுகள்தான் பாடநூல். பல மருத்துவமனைகளின் சீட்டுகள், பல ஆண்டுகள், சில எலி கடித்தவை. சந்தேகம் வரும் இடங்களில் ஓர் ஓய்வுபெற்ற செவிலியர் திருத்துவார்.

எல்லாக் கர்ப்பிணிகளின் சீட்டிலும் தலைமாட்டில் ஒரு வரி இருக்கும். ஜி4 பி2 எல்1 ஏ1 என்பதுபோல. ஜி என்பது எத்தனை முறை கருவுற்றாள், வயிற்றில் இருப்பதையும் சேர்த்து. பி என்பது எத்தனை பிரசவம். எல் என்பது எத்தனை பிள்ளை உயிரோடு. ஏ என்பது அபார்ஷன். நான்கு எழுத்து, நான்கு எண். இங்கே இதுதான் வழக்கம். அவசரத்தில் ரத்தம் போய்க்கொண்டிருக்கும் பெண்ணை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு ஓடுகிற மருத்துவருக்கு இந்த ஒரு வரி உயிர்காக்கும் செய்தி. சுருக்கத்துக்காக அதைப் பழிப்பவள் இல்லை நான். கவிதை எழுதுகிறவள் சுருக்கத்தைப் பழிக்கக் கூடாது.

ஆனால் இந்த வரியை ஒரு பிரதியாக வாசித்தால் அதில் சொல்லப்படாத ஒன்று இருக்கிறது. பி2, எல்1. இரண்டு பிரசவம், ஒரு பிள்ளை. இன்னொரு பிள்ளை எங்கே? செத்துப்போனதற்கு இந்த நான்கில் எழுத்து இல்லை. இரண்டிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்த்தால்தான் அந்தப் பிள்ளை தெரியும். இதை நான் கரும்பலகையில் எழுதிக் கழித்துக் காட்டியபோது, பின்வரிசையில் இருந்த மீன் விற்கும் அக்கா ஒருத்தி தன் பழைய சீட்டைப் பிரித்து விரல் வைத்துத் தேடினாள். கண்டுபிடித்தாள். “தோ கீறான் பாரு,” என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம். பன்னிரண்டு ஆண்டுகளாக அந்தச் சீட்டு அவள் வீட்டில் இருந்திருக்கிறது. மகன் அதில் இருந்தது அவளுக்குத் தெரியாது.

அடுத்தது ஏ. இங்கேதான் தமிழ் படித்தவளாக எனக்குப் பெரிய வழக்கு இருக்கிறது.

ஆங்கில மருத்துவத்தில் அபார்ஷன் என்றால் கரு இருபது வாரத்துக்குள் முடிந்துபோவது. தானாக நேர்ந்தாலும் அதே சொல், மருத்துவர் செய்தாலும் அதே சொல். தானாக நேர்ந்ததற்கு ‘ஸ்பான்டேனியஸ்’ என்று முன்னால் ஒட்டுவார்கள். வயிற்றிலேயே துடிப்பு நின்று வெளிவராமல் இருந்தால் ‘மிஸ்டு அபார்ஷன்’. பல முறை நேர்ந்தால் ‘ஹாபிச்சுவல்’ என்று ஒரு பழைய அடைமொழி உண்டு. ஏதோ அவளுக்கு அது ஒரு கெட்ட பழக்கம் மாதிரி. சுருக்க வரியில் எல்லா அடைமொழியும் விழுந்துவிடும், ஏ மட்டும் நிற்கும். இந்தச் சீட்டு வீட்டுக்கு வருகிறது. வீட்டில் ஓரளவு ஆங்கிலம் படித்தவன் மைத்துனனாகவோ கணவனாகவோ இருப்பான். அவன் தெரு வழக்கில் அறிந்த அபார்ஷன் ஒன்றுதான். அவள் போய்க் கலைத்துவிட்டு வந்தாள் என்பது.

தமிழ் இந்தக் குழப்பத்தைச் செய்யாது. கலைந்தது, கலைத்தாள். முன்னது தன்வினை, பின்னது பிறவினை. ஒரு மெல்லெழுத்து வல்லெழுத்தாவதில் வினை யாருடையது என்பதே மாறிவிடுகிறது. திருந்தினான், திருத்தினான் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அதே இலக்கணம். ‘கரு கலைஞ்சிடுச்சி’ என்று சொல்லும் கிழவிக்கு இலக்கணம் தெரியாது, ஆனால் வேறுபாடு தெரியும். நம் கலைச்சொல்லாக்கத்திலும் கருச்சிதைவு, கருக்கலைப்பு என்று இரண்டு சொல் தனித்தனியாக இருக்கின்றன. சீட்டில் மட்டும் இல்லை.

எனக்கே இது நடந்தது. முப்பத்தொரு வயதில், பதினோராம் வாரத்தில் துடிப்பு நின்றுபோனது. நான் போன மருத்துவமனையில் கொடுத்த தாளில் மிஸ்டு அபார்ஷன் என்று இருந்தது. கேட்டபோது, “அதெல்லாம் உங்களுக்குப் புரியாதும்மா, மாத்திரையை மட்டும் போடுங்க,” என்றார் தாளைக் கொடுத்தவர். கணவர் வீட்டார் அந்தத் தாளை எனக்கு முன்பே வாசித்துவிட்டிருந்தார்கள். ‘மிஸ்’ ஆகிவிட்டது என்றால், முயன்று தவறிவிட்டது என்றுதானே அர்த்தம் என்று ஒரு பெரியவர் பொழிப்புரை சொன்னார். அந்த உரைக்கு மறுப்புரை எழுத எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. என்னிடம் முனைவர் பட்டமும் நூலகமும் இருந்தன.

1980களில் பிரிட்டன் மகப்பேறு மருத்துவர்கள் சிலர், தானாக நேர்வதை இனி ‘மிஸ்கேரேஜ்’ என்றே எழுதுவோம் என்று தங்கள் மருத்துவ இதழில் வேண்டினார்கள். அந்த நாட்டில் பிறகு அது வழக்கமாயிற்று. சொல்லை மாற்றினால் சிகிச்சை ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இன்னொரு பக்கமும் உண்டு. கலைத்தவளுக்கும் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதினெட்டு வயது நிறைந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும், கணவன் கையெழுத்து சட்டத்தில் இல்லை. 2021 திருத்தம் அவள் பெயரை வெளியிடுவதைத் தண்டனைக்குரியதாக்கியது. கலைந்தவளைக் கலைத்தவளிடமிருந்து பிரித்து நல்லவளாக்குவது என் நோக்கமில்லை. இரண்டில் எது நடந்தது என்று சொல்லும் உரிமை அவளிடம் இருக்க வேண்டும். அந்த ஒற்றை எழுத்தை ஒரு மைத்துனன் தீர்மானிக்கக் கூடாது.

சொற்களை எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பதில் எனக்கு நன்னூல் உதவியது என்றால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். மருத்துவச் சொற்கள் பெரும்பாலும் பகுபதங்கள். பகுதி, விகுதி தெரிந்தால் பிரித்துவிடலாம். ‘ஹிஸ்டெர்’ கருப்பை, ‘சால்பிங்’ கருக்குழாய், ‘ஊஃபோர்’ சூலகம். ‘எக்டமி’ என்று முடிந்தால் வெட்டி எடுத்தாயிற்று. ‘ஐடிஸ்’ என்றால் அழற்சி. நடுவில் வரும் ‘ஓ’ நம் சாரியை போல, பொருள் கிடையாது, ஒட்டுவதற்கு மட்டும். எட்டாம் வகுப்போடு நின்றவர்கள் அரைமணி நேரத்தில் இதைப் பிடித்துக்கொண்டார்கள். ஹிஸ்டீரியாவும் இதே கருப்பைப் பகுதியிலிருந்து வந்ததுதான், பெண்ணின் மனநோய்க்கெல்லாம் கருப்பையே காரணம் என்று கிரேக்கர் நினைத்தார்கள் என்றபோது ஒருத்தி, “நம்மூட்ல மட்டும் இன்னான்றாங்க?” என்றாள்.

அன்றைய வகுப்பில் முப்பத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தியின் சீட்டில் ‘டி.ஏ.எச். வித் பி.எஸ்.ஓ.’ என்று இருந்தது. ‘கர்ப்பப்பை எடுத்தாச்சு’ என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். நம் பேச்சுத் தமிழில் அந்தத் தொடர் எல்லாவற்றையும் மூடிவிடும். முன் மூன்று எழுத்துகள் கருப்பையை முழுதாக எடுத்ததைச் சொல்கின்றன. பின் மூன்று எழுத்துகள் வேறொன்று: இரண்டு பக்கத்துக் கருக்குழாயும் இரண்டு சூலகமும் போயின. சூலகம் இருக்கும் பெண்ணுக்குக் கருப்பை போனாலும் ஹார்மோன் சுரக்கும். இரண்டு சூலகமும் போனவளுக்கு அன்றைக்கே மாதவிடாய் முற்றும் வயது வந்துவிடுகிறது. இரவெல்லாம் உடம்பு கொதிக்கும், எலும்பு தேயும், இதயத்துக்கும் கவனிப்பு வேண்டும். மூன்று ஆண்டுகளாக அவள் தனக்கு ஏதோ ‘மனசு சரியில்லை’ என்று கோயில் கோயிலாகப் போயிருக்கிறாள். அவளே எழுத்துகளைப் பிரித்தாள். பை, சால்பிங், ஊஃபோர், எக்டமி. அடுத்த வாரம் அந்தச் சீட்டோடு மருத்துவரிடம் போய், எலும்புச் சோதனை எடுக்கணுமா என்று கேட்டாள். அவர் எழுதிக் கொடுத்தார், நன்றாகவும் பேசினார். மருத்துவர்கள் எல்லோரும் வாயை அடைப்பவர்கள் இல்லை. வெளிநோயாளர் வரிசையில் ஆளுக்கு இரண்டு நிமிடம்தான் கிடைக்கும், அந்த இரண்டு நிமிடத்தில் கேள்வி தயாராக இருப்பவளுக்குப் பதில் கிடைக்கிறது.

சூலகமா, அண்டகமா, சினைப்பையா என்ற வழக்கும் எங்கள் மாடி அறைக்கு வந்தது. இலங்கைப் பாடநூல் சூலகம் என்கிறது, நம் பாடநூல் அண்டகம் என்கிறது, சுகாதாரத் துண்டறிக்கைகள் சினைப்பை என்கின்றன. சினை மாட்டுக்கும் ஆட்டுக்கும் சொல்லும் சொல், பெண்ணை ‘முழுகாம இருக்கா’ என்போமே ஒழிய சினை என்போமா என்று எங்கள் துறையில் ஒரு தோழி கடுமையாக எழுதியிருக்கிறார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. காசிமேட்டில் மீன் அறுக்கிற பெண்களுக்கோ அதுதான் சட்டென்று விளங்கியது. மீன் வயிற்றைக் கிழித்தால் சினை எப்படி இருக்கும் என்று தினமும் பார்ப்பவர்கள். “முட்ட இருக்கற பையி,” அவ்வளவுதான். கருக்குழாய்க்கும் அதற்கும் உள்ள உறவைக்கூட ஒருத்தி வஞ்சிர மீனை வைத்துச் சொல்லிக் காட்டினாள். நஞ்சுக்கொடிக்கு நம் பள்ளிப் பாடநூல் ‘தாய்சேய் இணைப்புத் திசு’ என்கிறது, இலங்கையில் ‘சூல்வித்தகம்’ என்கிறார்கள். பிந்தியது அழகான சொல். ஆனால் ‘நஞ்சு விழுந்துடுச்சா?’ என்று கேட்கத் தெரிந்தவளிடம் அதைக் கொண்டுபோய் என்ன செய்வது?

எல்லா நாட்டுச் சொல்லும் நல்ல சொல் என்று நான் சொல்லவரவில்லை. ‘கன்னித்திரை’யை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சவ்வின் பெயருக்குள்ளேயே கன்னித்தன்மைக்கான பரிசோதனையை வைத்துவிட்டார்கள். அந்தச் சவ்வு விளையாட்டிலும் கிழியும், பிறப்பிலேயே இல்லாமலும் இருக்கும், உறவுக்குப் பிறகும் அப்படியே இருக்கலாம். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்குச் செய்யப்பட்ட இருவிரல் சோதனையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் நிறுத்தச் சொன்னது, அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் கண்டித்தது. சோதனை போயிற்று, சொல் அகராதியில் இருக்கிறது.

இதெல்லாம் தமிழ்த்துறை வேலையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கவிதையில் பெண்ணுடலைப் பேசுவது அரசியல், டிஸ்சார்ஜ் சீட்டைப் பேசுவது சமூகசேவை என்று ஒரு பாகுபாடு நம்மிடமே உண்டு. குட்டி ரேவதியின் ‘முலைகள்’ 2002இல் வந்தபோது எழுந்த கூச்சலை என் வயதுப் பெண்கள் மறந்திருக்க முடியாது. அன்று ஒரு சொல்லைச் சொல்லும் உரிமைக்காக நாம் சண்டை போட்டோம். அந்தச் சண்டை நூல் வெளியீட்டு அரங்குகளில் நடந்தது. ‘மார்ல கட்டி’ என்று சொல்ல வெட்கப்பட்டு ‘நெஞ்சு வலி’ என்று சொல்லி, ஈ.சி.ஜி. எடுத்துத் திருப்பி அனுப்பப்பட்ட பெண் அந்த அரங்குகளுக்கு வரவில்லை.

எங்கள் பக்கத்தில் இன்னொரு தேவையும் இருக்கிறது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் உர ஆலைக்கு வரும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிய, தொண்டை அடைக்க, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். வடசென்னையில் ‘வீசிங்’ என்பது சுகர், பிரஷர் போல வீட்டுச் சொல்லாகிவிட்டது. அது இளைப்பின் பெயர், காரணத்தின் பெயர் இல்லை. எதை, எப்போது, எவ்வளவு நேரம் சுவாசித்தேன் என்பதை ‘எக்ஸ்போஷர்’ என்று மருத்துவத்தில் குறிப்பார்கள். அந்த ஒரு சொல்லைச் சொல்லி, அதையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள் என்று அந்த வாரம் பாடம் வைத்தோம். பின்னாளில் ஈடு கேட்கப் போகிறவளுக்கு அந்த வரி வேண்டும்.

நூற்றுச் சொச்சம் சொற்கள் இப்போது எங்கள் நோட்டில் இருக்கின்றன. ஒன்றுக்கு மட்டும் இடம் காலியாக இருக்கிறது. வெளிப்புறப் பெண் உறுப்பு முழுவதையும் குறிக்க லத்தீனில் ‘புடெண்டம்’ என்றார்கள், வெட்கப்பட வேண்டியது என்று பொருள். சர்வதேச உடற்கூற்றுப் பெயர்ப் பட்டியல் 2019இல்தான் அதை நீக்கியது. நரம்பின் பெயரில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழில் என்ன எழுதுவது? அல்குல் என்றேன். அது இடுப்பா, பின்புறமா, பெண்குறியா என்று உரையாசிரியர் காலத்திலிருந்து தீரவில்லை என்பதையும் சொன்னேன். யோனி என்றால் சாமி கும்பிடுகிற மாதிரி இருக்கிறது என்றார்கள். பிறப்புறுப்பு என்றால் பிள்ளை பெறாதவளுக்கு என்ன பெயர் என்று ஒருத்தி கேட்டாள். தெருவில் வழங்கும் சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை. எல்லோரும் அறிந்த சொல், ஆனால் குழாயடியிலிருந்து துறைமுகக் கேட் வரை அது வசவாகவே புழங்குகிறது. கடைசியில் செவிலியர், “வல்வான்னே எழுதிக்கங்க, டாக்டருக்குப் புரியும்,” என்றார். பென்சிலால் எழுதி வைத்திருக்கிறோம். மீன் விற்கும் அக்காவுக்கு அது ஒப்பவில்லை. அடுத்த சனிக்கிழமை வேறொரு சொல்லோடு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.